மதியத்துக்குள் மூன்று சாவு

மழை ஜன்னலில் சாய்ந்து நிற்கும் வேல்ஸ் நாட்டுச் செவ்வாய்க்கிழமை.
லானெல்லி மருத்துவமனைப் பயிற்சி அறையில்
எனக்குத் தந்த வேலை, சாவது.
நாளுக்கு அறுபது பவுண்டு. பஸ் காசு தனி.
மதியம் முட்டை சாண்ட்விச்.

இருபத்திரண்டு வருஷம் கார்மார்த்தன் பஸ் ஓட்டியவன்.
இப்போது கையில் ஓர் அட்டை:
பெயர் பார்ட்டன். வயது அறுபத்தொன்று.
இரண்டு வாரமாக மலம் தார் போல.
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.
யார் கேட்டாலும் இதையே சொல்ல வேண்டும்.
காலையிலிருந்து மூன்று குழுக்களுக்குச் சொல்லிவிட்டேன்.
இயல்பாக இருக்கிறது என்றார்கள்.

இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறேன்.
பல்லிடையில் கட்டை, விரலில் கிளிப்.
குழாய் எனக்குள் போகாது.
தலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் வயிறு,
அதற்குள் ஊறும் சிவப்புச் சாயம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன்
விரல் நுனியால் என் ஆக்சிஜனை இறக்குவான்.

டாக்டர் டியூடர் புண்ணைத் தேடுகிறார்.
திரை முழுக்கச் சிவப்பு.
அறை இல்லை, நான் இல்லை, அவருக்கு
அந்தச் சிவப்பு மட்டும்தான்.
'கிளிப்' என்கிறார். 'இன்னொன்று' என்கிறார்.
தொண்ணூற்று நான்கு.
எண்பத்தொன்பது.
மானிட்டரின் ஓசை படியிறங்குகிறது,
வீட்டார் விழித்துவிடுவார்களோ என்று
செருப்பைக் கையில் பிடித்து இறங்குகிறவன் போல.

என் தோளில் நர்ஸ் ஹெலெத்தின் கை.
அந்தக் கை இறுகுகிறது.
அவள் விரல்கள் ஐந்துக்கும் தெரிந்துவிட்டது.
என் தோளுக்குத் தெரிந்துவிட்டது.
எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.
பதினோரு விநாடி,
பிறகு வீடியோவில் எண்ணினார்கள்.
நான் செத்தேன்.

வட்டமாக நாற்காலிகள். பிளாஸ்க்கில் டீ.
யார் தப்பு என்று மோர்வென் கேட்கவில்லை,
என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்டாள்.
'அவர் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.' ஹெலெத்.
'ஏதாவது இருந்தால் சொல்லுவாள் என்று நினைத்தேன்.' டியூடர்.
இரண்டு நினைப்புக்கும் நடுவில்
படுத்திருந்தவன் நான்.

பஸ்ஸில் கண்ணாடிக்கு எட்டாத ஓர் இடம் உண்டு,
பின்வாசலுக்குச் சற்று இப்பால்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் கோட்டு
ஒருநாள் அங்கே கதவில் மாட்டிக்கொண்டது.
அவனைக் காப்பாற்றியது என் பிரேக் இல்லை,
கடைசி சீட்டுக் குடிகாரன் போட்ட 'ஏய்!'
இதை நான் அங்கே சொல்லவில்லை.
அட்டையில் இல்லை.

மறுபடி படுத்தேன்.
மறுபடி தொண்ணூற்று நான்கு.
தோளில் விரல்கள் இறுகுமுன்
'டியூடர்.'
டாக்டர் இல்லை. வெறும் டியூடர்.
'ஆக்சிஜன் எண்பத்தொன்பது. நிறுத்துங்கள்.'
குரல் நடுங்கியது.
நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தது.
குழாய் வெளியே வந்தது. யாரோ என் மோவாயைத் தூக்கினார்கள்.
'நன்றி' என்றார் டியூடர், கொஞ்சம் தாமதமாக.

தாழ்வாரத்தில் அங்கியை மடித்துக்கொண்டிருந்தேன்.
ஹெலெத் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தாள்.
'அந்த அட்டையில் இருக்கிறதே, தார்,' என்றேன்.
'ஆமாம்?'
'இரண்டு வாரம் இல்லை. இரண்டு மாசம்.'

முதலில் கறுப்பு பீர் என்று நினைத்தேன்.
பிறகு இரும்பு மாத்திரை என்றேன், இரும்பு மாத்திரையே சாப்பிடாமல்.
வீட்டில் மாவிஸுக்குத் தெரியாது.
தெரிந்திருக்கும், கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.
அவளும், சொல்லட்டும் என்று இருந்தாளோ என்னவோ.

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்தாள்.
'இது எழுதிக் கொடுத்ததா?'
'இல்லை.'

எங்கோ லிஃப்ட் கதவு மூடியது.
கடிக்காத சாண்ட்விச்சை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.
விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக.
'முழுப் பெயர் சொல்லுங்கள்,' என்றாள்.
'பிறந்த தேதியும்.'

பார்ட்டன் என்று வாய் வரை வந்துவிட்டது.